120-ஐ மறந்துவிடுங்கள், டீச்சர்

கேள்வி: அண்ணா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியை. வயது 43, எடை 68 கிலோ. ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த ரோடு சைக்கிளை இந்த வருடம் வாங்கினேன். டயர் 700x23 (அகலம் 23 மில்லிமீட்டர்). “எப்போதும் 120 அடித்து வையுங்கள், குறைந்தால் வண்டி இழுக்கும்” என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியே செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி போய்த் திரும்புவேன். திரும்பும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன, இடுப்பு விட்டுப்போகிறது. சிதம்பரம் போய் வர வேண்டும், அப்புறம் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூர சைக்கிள் பயணம்) ஒன்று முடிக்க வேண்டும் என்று ஆசை. காற்றைக் குறைக்கலாமா என்றால், மிதிக்கக் கஷ்டமாகிவிடும் என்கிறார் கணவர். டயரை மாற்றுவதா? எவ்வளவு காற்று வைப்பது? டியூப்லெஸ் போடலாமா?

பதில் (புதுச்சேரியில் சைக்கிள் கடை நடத்தும் மெக்கானிக்):

டீச்சர், புது டயர் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே இப்போதுள்ள 23 டயரில் முன்னால் 82, பின்னால் 98 பிஎஸ்ஐ (பம்ப் மீட்டர் காட்டும் காற்றழுத்த அளவு; உங்கள் 120-உம் அதே அளவில்தான்) வைத்து ஓட்டிப் பாருங்கள். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள்ளேயே வித்தியாசம் தெரியும். 68 கிலோ உடம்புக்கு 120 என்பது யார் சொல்லியிருந்தாலும் அதிகம்.

இந்த 120 எங்கிருந்து வருகிறது என்றால், டயரின் பக்கவாட்டில் அப்படி அச்சடித்திருக்கும். அது டயர் தாங்கும் உச்ச வரம்பு. 50 கிலோ ஆள் வாங்கினாலும் 100 கிலோ ஆள் வாங்கினாலும் அதே டயர், அதே எண். அவரவர் எடைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஆனால் கடைகளில் பல வருடமாக அதையே அளவாக வைத்துக் காற்று அடித்துப் பழகிவிட்டார்கள்.

உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. டயர் உருளும்போது தரையில் படுகிற இடம் நசுங்கும், மேலே போனதும் நிமிரும். நசுங்கும்போது போன சக்தி முழுவதும் நிமிரும்போது திரும்பி வராது. கொஞ்சம் சூடாக வீணாகிவிடும். காற்று அதிகமிருந்தால் நசுங்குவது குறையும், இந்த நஷ்டமும் குறையும். வழவழப்பான இரும்பு உருளையின்மேல் டயரை ஓடவிட்டு அளந்தால் காற்று ஏற ஏற டயர் சுலபமாக உருளுவதாகத்தான் கணக்கு வரும். அந்த அளவீட்டில் இல்லாத ஒன்று, சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

சாலையில் இரண்டாவது நஷ்டம் ஒன்று சேர்ந்துகொள்கிறது. கல்போல இறுகிய டயர் சின்ன ஜல்லியைக்கூட உள்வாங்காது. வண்டியையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடும். ஒவ்வொரு தூக்கலும் முன்னால் போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு. அதைக் கடைசியில் உங்கள் தசைதான் வாங்கிக்கொள்கிறது. டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தால், ஒரு வேலையும் செய்யாமலே உடம்பு அலுத்துப்போகிறதல்லவா, அதுதான் இதுவும். மோசமான சாலையில் இந்த நஷ்டம் முதல் நஷ்டத்தைவிடப் பெரிது. அதனால் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அதுவரை ஏற்றினால் லாபம், அதைத் தாண்டினால் வேகமும் குறையும், உடம்பும் கெடும். சாலை எவ்வளவு கரடுமுரடாக இருக்கிறதோ அந்த எல்லை அவ்வளவு கீழே வரும். நம் பக்கத்துச் சாலைகளுக்கு அது 120-க்கு வெகு கீழே.

இறுகிய டயர் வேகமாகப் போவதுபோலத் தோன்றுவதும் உண்மைதான். கையில் விர்ரென்று அதிர்வு ஏறும்போது மனசு அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். தொழில்முறைப் பந்தயக்காரர்களே ஒரு காலத்தில் 23-இல் ஓட்டியவர்கள், பிறகு 25-க்குப் போய், இப்போது 28, 30 என்று ஓட்டுகிறார்கள். அவர்கள் சுகத்துக்காக மாறவில்லை, அகலமான டயரில் குறைந்த காற்றோடு போனால் நேரம் மிச்சமாகிறது என்று அளந்து பார்த்துத்தான் மாறினார்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஊர் வருவதற்கு முன் சாலையின் குறுக்கே பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு தடிமனாகப் போட்டிருப்பார்களே, அதன்மேல் 120-இல் ஒருமுறை, 82/98-இல் ஒருமுறை, ஒரே வேகத்தில் போங்கள். 120-இல் தண்ணீர் பாட்டில் கூண்டுக்குள் தடதடக்கும். முன்சக்கரம் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு நொடி தரையை விட்டு எழும். தரையை விட்ட சக்கரம் பிரேக்கும் பிடிக்காது, திரும்பவும் செய்யாது. லாரி பக்கத்தில் வரும் சாலையில் இதுதான் எனக்குக் கவலை.

இனி டயர் அகலம். நீண்ட தூரத்துக்கு என் கணிப்பில் 28 தான் குறைந்தபட்சம். வண்டியில் இடமிருந்தால் 32 இன்னும் நல்லது. அகலமான டயருக்குள் காற்று அதிகம் பிடிக்கும். அதனால் குறைந்த அழுத்தத்திலேயே உங்களைத் தாங்கும், பள்ளத்தில் ரிம் தரையைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் உங்களுடையது 23 போட்டு வந்த வண்டி. 28 உள்ளே போகுமா என்பதைக் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

இடைவெளியை அளக்க ஒரு ஆலன் கீ (அறுகோணச் சாவி) செட் இருந்தால் போதும். 23-இலிருந்து 28-க்குப் போனால் டயர் பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் அகலமாகும், உயரம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கூடும். அதற்கு மேல் சுற்றிலும் 4 மில்லிமீட்டராவது காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரத்தில் லேசாகப் பெண்டு விழுந்தாலே ஃபிரேமில் உரசும், ஈரமண் ஒட்டினாலும் அடைத்துக்கொள்ளும். ஆகவே இப்போதைய டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் கீ தாராளமாகப் போய் வர வேண்டும். டயருக்கு மேலே, பிரேக்கின் அடிப்பக்கத்தில், 8 மில்லிமீட்டர் கீ நுழைந்த பிறகும் கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும். பின்னால் பெடல் அச்சுக்கு அருகில் இரண்டு குழாய்களும் நெருங்கி வரும் இடத்தை மறக்காதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் தட்டும். இடம் இல்லை என்றால் 25 போடுங்கள், வருத்தப்பட வேண்டாம். 23-க்கும் 25-க்கும் நடுவிலேயே நல்ல வித்தியாசம் உண்டு.

ரிம்மின் அகலத்தையும் பாருங்கள். ரிம்மில் 622x15 என்பதுபோல எழுதியிருக்கும். 15 என்றால் உள்ளகலம் 15 மில்லிமீட்டர், 28 டயர் தாராளமாக உட்காரும். 13 என்றிருந்தால் 25-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது டயரில் 28-622 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். சாதாரணக் கடையில் வெறுமனே “28 டயர்” என்று கேட்டால், பெரிய கறுப்பு சைக்கிளுக்குப் போடும் 28 இன்ச் டயரை எடுத்து நீட்டிவிடுவார்கள். அதன் விட்டம் 635. உங்கள் ரிம்மில் தொளதொளவென்று ஆடும்.

டயர் மாற்றிய பின் சைக்கிள் மீட்டரில் சக்கரச் சுற்றளவை 2096-இலிருந்து 2136 என்று மாற்றிவிடுங்கள். மறந்தால் 200 கிலோமீட்டர் ஓட்டினாலும் மீட்டர் 196 தான் காட்டும்.

சரி, எவ்வளவு காற்று? உங்கள் எடை 68, வண்டி ஒரு 11 கிலோ, தண்ணீரும் பையும் 3 கிலோ என்று வைத்தால் மொத்தம் 82. ரோடு சைக்கிளில் பின்சக்கரத்துக்கு 45 கிலோ, முன்சக்கரத்துக்கு 37 கிலோ என்று பிரியும். இந்தக் கணக்குக்கு 28 டயரில் முன்னால் 60, பின்னால் 72. 25 போட்டால் 70, 87. 32 போட முடிந்தால் 47, 57. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முன்னால் பாரம் குறைவு, அங்கே அதே காற்றை அடைத்தால் அந்த அதிர்வு நேராக உங்கள் உள்ளங்கைக்குத்தான் வரும். உங்கள் கணவரும் ஓட்டுவார் என்றால், 10 கிலோ கூடுதலுக்குப் பின்னால் 7, 8, முன்னால் 5, 6 பிஎஸ்ஐ ஏற்றிக்கொள்ளலாம்.

இந்த எண்கள் எல்லாம் தொடங்குவதற்குத்தான். ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கர் பல டயர்களை அளந்து ஒரு வழி சொன்னார்: ஆள் உட்கார்ந்ததும் டயர் அதன் உயரத்தில் 15 சதவீதம் அமுங்கினால் சரியான காற்று. 28 டயரில் அது சுமார் 4 மில்லிமீட்டர். டீச்சர் வீட்டில் ஸ்கேலுக்குப் பஞ்சமிருக்காது. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ரிம்மின் கீழ்விளிம்பிலிருந்து தரைவரை எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் ஏறி, ஓட்டும்போது எப்படிக் கைவைப்பீர்களோ அப்படியே வைத்து உட்காருங்கள், மறுபடி அளக்கட்டும். முன், பின் இரண்டும். ஒரு மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் காற்று மிக அதிகம். ஆறு, ஏழு என்றால் குறைவு.

அதற்குப் பிறகு சாலையில் சரிபாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் 3 பிஎஸ்ஐ குறைத்து ஓட்டுங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது முன்பக்கம் குழைந்தாலோ, வளைவில் பின்சக்கரம் நழுவுவதுபோலத் தெரிந்தாலோ, பள்ளத்தில் ரிம் ‘டக்’கென்று தட்டினாலோ அது எல்லை. அங்கிருந்து 5 ஏற்றி, அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் ஒரு 5 குறைக்கலாம், ஈரச்சாலையில் பிடிமானம் கூடும். ஆனால் பள்ளம் தண்ணீரில் மூடியிருக்கும், ரிம் தட்டுகிற எல்லைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து மதியம் காற்றைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. காலையில் 70 வைத்த டயர் 20 டிகிரி சூடு ஏறினால் 5, 6 பிஎஸ்ஐதான் கூடும். உச்ச வரம்பிலேயே அடைத்து வைத்தவர்களுக்குத்தான் அது பிரச்சினை. 72-இல் இருக்கும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

இவ்வளவுக்கும் காற்றை நீங்களே அளக்க வேண்டும். பெட்ரோல் பங்க் காற்றும் பஞ்சர் கடை கம்ப்ரஸரும் வேண்டாம். அவற்றின் வாய் உங்கள் மெல்லிய வால்வுக்குப் பொருந்தாது. அடாப்டர் மாட்டி அடித்தாலும், இத்தனை சின்ன டியூபுக்குள் கண் சிமிட்டுவதற்குள் காற்று எக்கச்சக்கமாக ஏறிவிடும். மீட்டர் வைத்த, நின்றுகொண்டு அடிக்கிற பம்ப் ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள். ஜெர்சியைவிட, நல்ல ஷூவைவிட முதலில் வாங்க வேண்டிய பொருள் இதுதான் என்பேன். பம்ப் மீட்டர் சில பிஎஸ்ஐ கூடக் குறையக் காட்டலாம். பரவாயில்லை, எப்போதும் அதே மீட்டரில் அளந்தால் உங்கள் எண் உங்களுக்குச் சரியாக வரும். வால்வு தலையில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, விரலால் ஒருமுறை அழுத்தி ‘ஸ்’ என்று சத்தம் வந்த பிறகு பம்பை மாட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஒட்டிக்கொண்டு மீட்டர் பொய் சொல்லும். சாதாரணக் கறுப்பு டியூபில் ஒரு நாளில் ஓரிரண்டு பிஎஸ்ஐ தானாகவே கசியும். ஆகவே போன வாரம் அடித்தது இந்த வாரத்துக்கு ஆகாது. கிளம்பும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

என்ன டயர்? மூன்று விதமாகப் பிரித்துச் சொல்கிறேன். கான்டினென்டல் ஜிபி 5000 மாதிரியானவை மெல்லிய, நெகிழ்வான துணியில் செய்தவை. மிக இதமாக ஓடும், விலை அதிகம், சீக்கிரம் தேயும். அதே கம்பெனியின் கேட்டர்ஸ்கின் பக்கவாட்டுவரை உறுதியானது, கொஞ்சம் விறைப்பு. ஷ்வால்பே மாரத்தான் அதைவிடக் கனம், முள்ளுக்கு அசையாது, ஆனால் மிதிக்கும்போது அந்தக் கனம் காலில் தெரியும். டயரின் இதம் பாதி அகலத்திலிருந்து வருகிறது, பாதி துணியின் நெகிழ்விலிருந்து. விறைத்த டயரை எவ்வளவு அகலமாகப் போட்டாலும் அது மரக்கட்டையாகவே ஓடும். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது நடுத்தரம்: நடுவில் முள் தடுப்புப் பட்டை உள்ள, மடிக்கக்கூடிய 28 டயர். டயரின் மேல் கோடு, கட்டம் என்று பூ வேலை தேவையே இல்லை. சைக்கிள் வேகத்தில் டயர் தண்ணீரின்மேல் மிதக்காது, தார் சாலையில் மழமழவென்ற டயர்தான் நன்றாகப் பிடிக்கும்.

நீங்கள் வாங்கிய பழைய டயரைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றை இறக்கிவிட்டுப் பக்கவாட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, நடுப்பகுதி வட்டம் போய்த் தட்டையாகியிருந்தாலோ சிதம்பரம் பயணத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

பஞ்சர் பயம் நியாயமானது. கடலூர் முதுநகர் தாண்டி சிப்காட் பக்கம் போகும்போது லாரி டயர் வெடித்துச் சிதறிய துண்டுகள் ஓரத்தில் கிடக்கும். அவற்றுக்குள் இருக்கும் இரும்பு நூல், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், அரை அங்குல நீளம். டயரில் ஏறினால் வெளியே ஒரு கரும்புள்ளிகூடத் தெரியாது. டியூபை மாற்றிவிட்டுக் கிளம்பினால் அடுத்த அரை மணியில் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். டயர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பலர் என் கடைக்கு வருவது இப்படித்தான். ஆகவே டயரை மாட்டும்போதே அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வரும்படி வையுங்கள். பஞ்சர் ஆனதும் டியூபை வெளியே எடுத்து ஓட்டையைக் கண்டுபிடித்து, டயரோடு சேர்த்துப் பிடித்தால் கம்பி எந்த இடத்தில் இருக்கும் என்று தெரிந்துவிடும். உள்பக்கம் ஒரு துணியால் தடவுங்கள். துணியின் இழை சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும், வெறும் விரலால் தடவினால் கிழித்துவிடும். புருவம் திருத்தும் இடுக்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

ஓட்டையின் வடிவமும் காரணத்தைச் சொல்லும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல் இருந்தால் பள்ளத்தில் ரிம் கடித்தது, காற்று குறைவு. வெளிப்பக்கம் ஒரே ஓட்டை என்றால் முள், கம்பி, கண்ணாடி. டியூபின் உள்பக்கம், ரிம்மைப் பார்த்த இடத்தில் ஓட்டை என்றால் ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் துளையின் விளிம்பு குத்தியிருக்கிறது. மழை நாளில் பஞ்சர் அதிகமாவதற்கும் காரணம் உண்டு. நனைந்த ரப்பரைக் கண்ணாடித் துண்டு சுலபமாக வெட்டும். வீடு திரும்பியதும் டயரைத் துடைத்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, செருகி நிற்பதைப் பிடுங்கிவிடுங்கள். நிறைய முள் ஒரே நாளில் துளைப்பதில்லை, சுற்றிச் சுற்றி உள்ளே போக நேரம் எடுத்துக்கொள்ளும். நீண்ட தூரத்துக்கு இரண்டு டியூப், பேட்ச், டயர் லீவர், கைப்பம்பு, டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரின் பக்கவாட்டுத் துண்டு ஒன்று. இது போதும்.

டியூப்லெஸ் உங்களுக்கு வேண்டாம். அதற்கென்று செய்த ரிம் வேண்டும், உங்கள் வண்டியில் அது இருக்க வாய்ப்பில்லை. உள்ளே ஊற்றும் பசை நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், திரும்ப ஊற்ற வேண்டும். சாலையோரத்தில் சரிசெய்வதும் சிரமம். வாரம் ஒரு நாள் ஓட்டுகிறவருக்கு டியூப்தான் நிம்மதி.

200 கிலோமீட்டர் பிரெவேக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள். நின்று சாப்பிடும் நேரத்தையும் சேர்த்து மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர் போனால் முடித்துவிடலாம். அங்கே வேகத்தைவிட, நூறாவது கிலோமீட்டருக்குப் பிறகு கை, இடுப்பு, உட்காரும் இடம் எப்படி இருக்கின்றன என்பதுதான் முடிவு செய்யும். சிதம்பரம் போய் வருவது அதற்கு நல்ல ஒத்திகை. போக வர சுமார் 90 கிலோமீட்டர், வழியெல்லாம் சமதரை.

கடைசியாக விரல்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது, உள்ளங்கையின் ஓரமாக ஓடும் அல்நார் நரம்பு அழுத்தப்படுவதால் வருவது. டயரும் காற்றும் சரியானால் அதிர்வு குறையும், ஆனால் உடம்பின் பாரம் முழுவதும் கையில் விழும்படி நீங்கள் உட்கார்ந்திருந்தால் அது மட்டும் போதாது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் சமமாக்குங்கள். முழங்கையை விறைத்து நீட்டாமல் கொஞ்சம் மடக்கி ஓட்டுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைவைக்கும் இடத்தை மாற்றுங்கள். ஹேண்டில் பார் டேப் மெலிந்திருந்தால் அடியில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றலாம். சைக்கிளை விட்டு இறங்கி ஒரு நாள் கழித்தும் மரப்பு போகவில்லை என்றால், டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். சில வாரம் ஓட்டியும் கை இப்படியே இருந்தால் மறுபடி எழுதுங்கள். உங்கள் உயரம், சீட் நுனியிலிருந்து ஹேண்டில் பார்வரை உள்ள தூரம், இரண்டின் உயரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்ற மூன்று அளவையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.